மனச்சோர்வுக்கு மெய்நிகர் சிகிச்சை: அனுமதிக்கும் முன் கேட்க வேண்டியவை

மனச்சோர்வுச் சிகிச்சையில் மெய்நிகர் கருவிகளைச் சேர்ப்பது குறித்து முடிவெடுக்கும் மருத்துவமனைக் குழுக்களுக்கும், அக்கருவிகளுக்கு அனுமதி வழங்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

வி.ஆர். என்று சுருக்கமாக வழங்கப்படும் மெய்நிகர் உண்மைத் தொழில்நுட்பம் உளவியல் சிகிச்சைக்குள் நுழைந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. அச்சத்துக்கும் வலிக்கும் உதவியாக அறிமுகமான அது, இப்போது மனச்சோர்வுக்கும் தீர்வாக உங்கள் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறது. மனச்சோர்வு உடையோருக்குப் பேச்சுவழிச் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் என்ற முறையில் நான் அதன் வரவை எதிர்க்கவில்லை. ஆனால், வருகிற விண்ணப்பங்களை எந்தக் கேள்வியைக் கொண்டு நீங்கள் எடைபோடப் போகிறீர்கள் என்பதில் எனக்குக் கவலை உண்டு. கணினி வரைந்த காட்சிக்குள்ளேயே இருப்பது போன்ற உணர்வைத் தரும், தலையில் அணியும் ஹெட்செட் கருவியை அணிந்திருந்த அரைமணி நேரத்தில் நோயாளி எப்படி உணர்ந்தார் என்பதைத்தான் செயல்விளக்கங்கள் பெரும்பாலும் காட்டுகின்றன. அதைக் கழற்றி வைத்த மறுநாளும் அடுத்த வாரமும் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பல நேரங்களில் பதில் கிடைப்பதில்லை. மனச்சோர்வைப் பொறுத்தவரை அந்த இரண்டாம் கேள்விக்கான பதில்தான் சிகிச்சையின் அளவுகோலாக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இம்மடலை எழுதுகிறேன்.

இத்துறைக்குக் கிடைத்திருக்கும் நற்பெயர் பெரும்பாலும் அச்ச நோய்கள் ஈட்டித் தந்தது. 1995-இல் பார்பரா ரோத்பாம், லாரி ஹாட்ஜஸ் முதலியோர் அடங்கிய குழு, உயரத்தைக் கண்டு அஞ்சும் கல்லூரி மாணவர்களைக் கணினி வரைந்த பாலங்களிலும் மாடி முகப்புகளிலும் கண்ணாடி மின்தூக்கியிலும் படிப்படியாக நிற்கவைத்தது; சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களைவிட அவர்களுடைய அச்சம் தெளிவாகக் குறைந்தது. பிறகு சிலந்தி, விமானப் பயணம், மேடைப் பேச்சு, போர்க்கள நினைவுகள் என்று ஆய்வுகள் பெருகின. ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃபிரீமன் தலைமையிலான குழு, உளப்பிறழ்வு நோயால் வெளியே செல்லவே அஞ்சும் மனிதர்களுக்காக உருவாக்கிய ‘கேம்சேஞ்ச்’ சிகிச்சையை 346 பேரிடம் சோதித்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டது. அச்சத்தால் வீட்டோடு முடங்குவது மிகக் கடுமையாக இருந்தவர்களே அதில் அதிகப் பயன் பெற்றார்கள். இவை மதிக்கத்தக்க பணிகள். இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆயினும், அதே ஃபிரீமனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் மனநலத் துறையின் மெய்நிகர் ஆய்வுகள் 285-ஐத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 192 பதற்ற நோய்களைப் பற்றியவையாக இருந்தன. மனச்சோர்வு பற்றியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆய்வுகளின் தரம் பொதுவாகக் குறைவு என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதன் பின்னர் மனச்சோர்வு ஆய்வுகள் சில வந்துள்ளன; ஆனால் அச்ச நோய்களில் கிடைத்த சான்றையே மனச்சோர்வுக்கும் சான்றாகக் காட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு விண்ணப்பத்தில் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் எத்தனை மனச்சோர்வு உடையவர்களிடமே நடத்தப்பட்டவை என்று எண்ணிப் பார்ப்பதை உங்கள் முதல் வேலையாகக் கொள்ள வேண்டுகிறேன்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்ச நோயில் மூளை ஒரு குறிப்பிட்ட பொருளையோ இடத்தையோ பேராபத்துடன் பிணைத்து வைத்திருக்கிறது. அந்த இடத்தில் நின்று, எதிர்பார்த்த ஆபத்து நிகழவில்லை என்பதை மீண்டும் மீண்டும் அனுபவிக்கும்போது புதிய கற்றல் உருவாகிறது. மெய்நிகர் மாடியில் கற்றது மெய்யான மாடியிலும் கைகொடுக்கிறது, ஏனெனில் விளிம்பு, ஆழம், கால் கூசுதல் ஆகிய குறிப்புகள் இரண்டிலும் ஒன்றே. மனச்சோர்வில் அவ்வாறு ஒரு பொருள் இல்லை. எதிலும் நாட்டம் குன்றுகிறது. எதைச் செய்தாலும் நிறைவு வராது என்ற முன்முடிவு எழுகிறது. அதனால் மனிதர் ஒவ்வொன்றிலிருந்தும் விலகுகிறார். விலகும்போது, வாழ்விலிருந்து அதுவரை கிடைத்துவந்த சிறுசிறு நிறைவுகளும் நின்றுபோகின்றன. அது சோர்வை மேலும் ஆழமாக்குகிறது. 1970-களில் பீட்டர் லூயின்சன் போன்றவர்கள் விளக்கிய இந்தச் சுழற்சியை உடைப்பதற்கு நோயாளி அஞ்சுவதை நிறுத்தினால் மட்டும் போதாது; தம்முடைய சொந்த நாளில், சொந்த மனிதர்களிடையே அவர் மீண்டும் செயலில் இறங்க வேண்டியிருக்கிறது.

செயலூக்கச் சிகிச்சை என்று நாங்கள் அழைக்கும் முறையின் அடிப்படை இதுவே. நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து வாரத்துக்கான சிறிய செயல்களைத் திட்டமிடுகிறார்கள். மனநிலை மேம்படும்வரை காத்திராமல் செயலை முதலில் செய்து, பிறகு மனநிலையைக் குறித்து வைக்கிறார்கள். எளிமையானது என்பதால் இதைச் சிலர் மட்டமாகப் பார்ப்பதுண்டு. ஆனால் 2016-இல் டேவிட் ரிச்சர்ட்ஸ் குழு 440 பேரிடம் நடத்திய ‘கோப்ரா’ ஆய்வில், உயர்நிலை உளவியல் பயிற்சி பெறாத இளநிலைப் பணியாளர்கள் அளித்த செயலூக்கச் சிகிச்சை, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் அளித்த, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை என்று தெரியவந்தது, செலவோ குறைவு. எனவே புதிய கருவி எதுவானாலும், ஒரு தாளும் எழுதுகோலும் பயிற்சி பெற்ற ஒரு பணியாளரும் கொண்டு செய்யக்கூடிய இந்தச் சிகிச்சையோடு நின்று போட்டியிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலோடு ஒப்பிட்டு வென்றுவிட்டோம் என்பது எனக்குப் போதுமான வெற்றியாகத் தோன்றவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ‘அமைதிக் காட்சி’ வகைச் செயலிகளை நோக்க வேண்டும். கடற்கரை, காடு, மலைச் சரிவு, மெல்லிய இசை, மூச்சை வழிநடத்தும் குரல் என்று இவை அமைகின்றன. (நானும் அந்தக் கடற்கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.) பதற்றம் சிறிது நேரம் தணியலாம், மருத்துவமனையில் அடைபட்டுக் கிடப்பவருக்கு அது உண்மையான ஆறுதல்கூட. ஆனால் விலகி இருப்பதே நோயின் இயல்பாக உள்ள ஒருவருக்கு, விலகியிருக்க இன்னும் இனிமையான ஓர் இடத்தைக் கொடுப்பதைச் சிகிச்சை என்று அழைப்பதற்கு முன் நீங்கள் இருமுறை யோசிக்க வேண்டும். ஆறுதல் தரும் கருவி என்ற பெயரில் அதை வாங்குங்கள், தடையில்லை. மனச்சோர்வுச் சிகிச்சை என்ற பெயரில் அனுமதிக்காதீர்கள்.

அப்படியானால் எதை ஊக்குவிக்கலாம்? என்னை மிகவும் யோசிக்க வைத்தது கரோலின் ஃபால்கனர், மெல் ஸ்லேட்டர், கிறிஸ் புரூவின் முதலியோர் 2016-இல் வெளியிட்ட சிறு ஆய்வு. மனச்சோர்வு உடைய 15 பேர் அதில் பங்கேற்றார்கள். ஹெட்செட் அணிந்தவர் முதலில் ஒரு பெரியவரின் உடலில் இருக்கிறார். அவருடைய கையசைவுகளை அந்த மெய்நிகர் உடலும் அப்படியே அசைத்துக் காட்டுகிறது. எதிரே ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. பரிவான சொற்களால் அதை அவர் தேற்ற, குழந்தை மெல்ல அழுகையை நிறுத்துகிறது. அடுத்து அவர் அந்தக் குழந்தையின் உடலுக்கு மாற்றப்படுகிறார். சற்றுமுன் தாம் சொன்ன சொற்களைத் தம் குரலிலேயே, தம் அசைவுகளோடு, இப்போது எதிரிலிருந்து கேட்கிறார். 8 நிமிடக் காட்சி. வாரம் ஒருமுறையாக மூன்று முறை. ஒரு மாதத்துக்குப் பின் 9 பேரிடம் அறிகுறிகள் குறைந்திருந்தன. அவர்களில் 4 பேரிடம் மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்க அளவுக்குக் குறைந்திருந்தன.

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு இது. இதை வைத்து எவரும் கருவி விற்கக் கூடாது. இருந்தும் இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், மனச்சோர்வில் ஓயாமல் ஒலிக்கும் தன்னைத் தானே கடிந்துகொள்ளும் குரலை இது நேரடியாகக் குறிவைக்கிறது என்பதுதான். பிறரிடம் எளிதாகப் பரிவு காட்டும் பலர் அதைத் தம்மிடம் காட்ட முடியாமல் தவிப்பதை எங்கள் அறைகளில் நாள்தோறும் காண்கிறோம். வெற்று நாற்காலியை வைத்து, கற்பனையில் அதில் தம்மையே அமர்த்திப் பேசச் சொல்வோம். சோர்வின் ஆழத்தில் இருப்பவருக்கு அந்தக் கற்பனையே எழாது. அங்கே இத்தொழில்நுட்பம், பேச்சால் மட்டும் செய்ய இயலாத ஒன்றைச் செய்கிறது. ஒரு விண்ணப்பத்தைப் பார்க்கும்போது இதைத்தான் தேட வேண்டும் என்பேன்: நோயின் எந்தக் கூறை இது தொடுகிறது, அதைத் தொட ஹெட்செட் ஏன் தேவைப்படுகிறது?

இன்னொரு திசையில், ஸ்டான்ஃபோர்டில் மார்கோ பாலும் கிம் புல்லக்கும் செயலூக்கச் சிகிச்சையையே மெய்நிகர் வடிவில் தர முயன்றார்கள். 2022-இல் வெளியான அவர்களுடைய தொடக்க ஆய்வில் 13 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள்; இத்தனை சிறிய எண்ணிக்கை, இதைச் செய்ய முடியும் என்பதைக் காட்டும், அது பயனுள்ளது என்பதைக் காட்டாது என்பதை ஆய்வாளர்களே அறிவார்கள். எழுந்து வெளியே போக உடலோ பணமோ சூழலோ இடம்கொடுக்காதவர்களுக்கு, தாம் விரும்பிய செயலை ஹெட்செட் வழியே அனுபவிப்பது முதல் படியாக அமையக்கூடும். எனக்குள்ள தயக்கம், அந்த முதல் படியே கடைசிப் படியாகவும் நின்றுவிடக் கூடாது என்பதுதான். இன்ப உணர்வே மங்கிப்போனவர்களுக்காக மிஷெல் கிராஸ்கி குழு கலிஃபோர்னியாவில் உருவாக்கிய பயிற்சியில், நல்ல காட்சிகளில் மூழ்கியபின் அவற்றின் இனிய நுணுக்கங்களைச் சொல்லிப் பார்த்துச் சுவைக்கவும் நோயாளி பழக்கப்படுத்தப்படுகிறார். காட்சி அங்கே ஒரு பயிற்சிக்கான கருப்பொருள். அந்தத் திறனை அவர் தம் சொந்த நாளுக்குள் எடுத்துச் செல்ல முடியும்.

இதில் இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்று கருதுகிறேன். மனச்சோர்வு உடையோருக்கு நாளைய நல்ல நிகழ்ச்சிகளை மனக்கண்ணில் தெளிவாகக் காண்பது கடினம். ஃபிரிட்ஸ் ரென்னர், எமிலி ஹோம்ஸ் முதலியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், திட்டமிட்ட செயலை முன்கூட்டியே உயிர்ப்புடன் கற்பனை செய்து பார்த்தவர்களுக்கு அச்செயலின்மீது ஊக்கம் கூடியது தெரிந்தது. கற்பனை எழாத மனத்துக்கு ஊன்றுகோலாக ஹெட்செட்டைப் பயன்படுத்தலாமே! புதன்கிழமை காலையில் பழைய நண்பரைப் பார்க்கச் செல்வதாக ஒருவர் திட்டமிட்டிருந்தால், கதவைத் திறப்பது, தெருவில் இறங்குவது, தயங்கி நிற்பது, அழைப்பு மணியை அழுத்துவது என்று அந்த நடையைச் செவ்வாயன்று சிகிச்சையாளர் அருகிருக்க ஒத்திகை பார்க்கட்டும். புதனன்று மெய்யாகவே போகட்டும். அடுத்த அமர்வில் இருவரும் அதைப் பற்றிப் பேசட்டும். போக முடியவில்லையா, எந்த இடத்தில் கால் நின்றது என்பதை ஒத்திகைக்குத் திரும்பிப் பார்க்கட்டும். பளபளப்பான தீவுகளைவிட ஒரு சாதாரணத் தெருவை நம்பத்தகுந்தவாறு வரைவது வடிவமைப்பாளர்களுக்குச் சலிப்பூட்டும் வேலையாக இருக்கலாம். எங்களுக்குத் தேவைப்படுவது அந்தத் தெருதான்.

ஆய்வு முறைகளுக்கு வருகிறேன். மனச்சோர்வு மருந்துச் சோதனைகளில் போலி மாத்திரை பெறுவோரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காண்கிறார். புதுமையான கருவி ஒன்றைத் தலையில் அணிவித்து, கனிவோடு பேசி, வாரம் தவறாமல் வரவழைத்தால் எதிர்பார்ப்பின் பலன் இன்னும் கூடுதலாக இருக்கலாமே தவிரக் குறையாது. ஆகவே ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஹெட்செட் கொடுக்கப்பட வேண்டும். அதற்குள் சிகிச்சைக் கூறு மட்டும் இருக்கக் கூடாது. இது முடியாத காரியமன்று. நாட்பட்ட இடுப்பு வலிக்காக 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த மெய்நிகர் கருவியின் ஆய்வில், ஒப்பீட்டுக் குழுவினர் அதே ஹெட்செட்டில் தட்டையான இயற்கைக் காட்சிகளைப் பார்த்தார்கள். மருந்து உட்கொள்ளும் மனச்சோர்வு நோயாளிகளுக்குத் துணைச் சிகிச்சையாக 2024-இல் அதே நிர்வாகம் ஏற்ற திறன்பேசிச் செயலியும் போலிச் செயலி ஒன்றுடன் ஒப்பிடப்பட்டது. மெய்நிகர் கருவிகளுக்கு மட்டும் தளர்வான அளவுகோல் வைக்க நியாயமில்லை.

அளப்பது எப்போது, எதை என்பதும் முக்கியம். மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்னும் வினாத்தாள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்பது. அமர்வு முடிந்த பத்தாம் நிமிடத்தில் அதை நிரப்பச் சொல்வதால் பயனில்லை. அறிகுறி மதிப்பெண்ணோடு, நோயாளி அந்த வாரம் வீட்டைவிட்டு எத்தனை முறை வெளியே போனார், யாரைச் சந்தித்தார், கைவிட்டிருந்த எந்த வேலையைத் தொட்டார் என்பவையும் பதிவாக வேண்டும். மனச்சோர்வு மீண்டும் வரும் நோய் என்பதால், ஆறு மாதத்துக்குக் குறைந்த தொடர் கண்காணிப்பை நீங்கள் ஏற்கக் கூடாது. இடையில் விலகியவர்களின் எண்ணிக்கையும் காரணமும் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். சோர்வு மிகுந்தவர்கள் முதலில் விலகிவிட்டால், எஞ்சியவர்களின் சராசரி அழகாகத் தெரியும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன், ஏனெனில் இதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்ததே. கண் காணும் அசைவும் உட்செவி உணரும் அசைவும் முரண்படும்போது குமட்டலும் தலைசுற்றலும் வருகின்றன. மனச்சோர்வு மருந்துகள் பலவும் தொடக்க வாரங்களில் இதே தொல்லைகளைத் தருவதால், எது மருந்தால் வந்தது, எது கருவியால் வந்தது என்று குழம்பி, நோயாளி மருந்தையே நிறுத்திவிடும் வாய்ப்பு உண்டு. புதிய மருந்து தொடங்கும் வாரத்தில் ஹெட்செட்டையும் தொடங்காதிருப்பது எளிய விதி. உலகமும் தானும் உண்மையல்லாதது போன்ற உணர்வு ஏற்கெனவே உள்ளவர்களிடம் மேலும் கவனம் தேவை. மெய்நிகர் அனுபவத்துக்குப்பின் அவ்வுணர்வு கூடுவதை 2010-இல் ஆர்டெமா குழுவின் ஆய்வு பதிவு செய்தது. தற்கொலை எண்ணம் உடையவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. அப்படிச் சேர்க்காமல் சோதித்த கருவியை, ஆபத்தைக் கண்டறிந்து உடனே தலையிட ஒரு மனிதர் இல்லாத நிலையில் அவர்கள் வீட்டுக்கு அனுப்புவது எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாதது.

தரவுகளைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல இயலாது. ஹெட்செட் ஒவ்வொரு நொடியும் தலையும் கைகளும் எப்படி அசைகின்றன என்பதைப் பலமுறை பதிவு செய்கிறது; சில கருவிகள் விழியசைவையும் பதிவு செய்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் 2020-இல் நடந்த ஆய்வில், 511 பேரிடையே ஒருவர் யார் என்பதை ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த அசைவுப் பதிவைக் கொண்டு 95 விழுக்காடு சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. 2023-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் மெய்நிகர் விளையாட்டு ஆடும் 50,000-க்கும் மேற்பட்டவர்களிடையே, 100 நொடி அசைவிலிருந்து 94 விழுக்காடு துல்லியத்துடன் அதைச் செய்துகாட்டினார்கள். ஆகவே, பெயரை நீக்கிவிட்டோம், இனி இது அடையாளமற்ற தரவு என்ற உறுதிமொழிக்கு இங்கே அதிகப் பொருள் இல்லை. மேலும், அசைவு மந்தப்படுவதும் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிப்பதும் மனச்சோர்வின் அறிகுறிகளாகவே நோயறி நூல்களில் இடம்பெற்றவை. ஒருவரின் அசைவுப் பதிவு அவருடைய மருத்துவக் குறிப்பேடு என்றே கொள்ளத்தக்கது. அது விளம்பர நிறுவனங்களுக்கோ காப்பீட்டாளருக்கோ வேலை கொடுப்பவருக்கோ போய்ச்சேரக் கூடாது. இது வீண் அச்சம் என்று எண்ண வேண்டாம். இணையவழி மன ஆலோசனை அளிக்கும் ‘பெட்டர்ஹெல்ப்’ நிறுவனம், பயனர்களின் நலத் தகவல்களை விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக எழுந்த குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள 2023-இல் 78 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. எனவே, அசைவுத் தரவு சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே கருவியிலேயே கையாளப்படுவதையும், அமர்வு முடிந்ததும் அழிக்கப்படுவதையும், நுகர்வோர் கணக்கு எதிலும் நுழையாமலேயே கருவி இயங்குவதையும் அனுமதிக்கு நிபந்தனையாக்குங்கள். ஒப்புதல் படிவத்தில் நோயாளி கையெழுத்திட்டார் என்பது இதற்கு மாற்றாகாது. இரண்டு வரி படிக்கவே கவனம் நிற்காத நிலையில் இருப்பவரிடம் நீங்கள் இருபது பக்கங்களை நீட்டுகிறீர்கள்.

ஆள்பற்றாக்குறையைக் காரணம் காட்டி, சிகிச்சையாளருக்குப் பதிலாகவே ஹெட்செட்டை முன்வைக்கும் வாதமும் உங்கள் முன் வரும். தானியங்கி வழிகாட்டி அச்ச நோய்களில் நன்றாகவே செயல்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேம்சேஞ்ச் சிகிச்சையிலும் மெய்நிகர் வழிகாட்டிதான் பேசினார். ஆனால் அங்கேயும் பணியாளர் ஒருவர் அருகில் இருந்து, கற்றதை வெளியுலகில் செய்துபார்க்க நோயாளியை ஊக்குவித்தார். தனிமையே நோயை வளர்க்கும் மனச்சோர்வில் அந்த மனிதரை எடுத்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது சிக்கனமாகத் தெரியலாம். விலகிப் போனவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தச் சிக்கனம் நிற்குமா என்பது ஐயமே. ஹெட்செட்டுக்கு ஒதுக்கும் தொகையோடு, அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற பணியாளரின் நேரத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். பிரித்தால் இரண்டாவதுதான் முதலில் வெட்டுப்படும்.

மெய்நிகர் சிகிச்சைகளை உருவாக்கிச் சோதிப்பதற்காக ஆய்வாளர்கள் 2019-இல் வகுத்த ‘வி.ஆர்.-கோர்’ நெறிமுறை, முதல் கட்டத்திலேயே நோயாளிகளோடு உட்கார்ந்து உள்ளடக்கத்தை வடிவமைக்க வேண்டும் என்கிறது. செய்யக்கூடியதா என்ற சோதனையும், குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வும் அதற்குப் பிறகே வருகின்றன. பல விண்ணப்பங்களில் அந்த முதல் கட்டம் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. அதை அவர்கள் எப்படிச் செய்தார்கள், நோயாளிகள் சொன்னதால் எந்தக் காட்சி மாற்றப்பட்டது, எது கைவிடப்பட்டது என்று கேளுங்கள். உங்கள் மதிப்பீட்டுக் குழுவிலும் மனச்சோர்வோடு வாழ்ந்தவர்கள், ஆலோசனை கூறுவோராக மட்டுமின்றி, வாக்களிக்கும் உறுப்பினர்களாக இடம்பெற வேண்டும். ஒருவர் மட்டும் அமர்ந்தால் அவர் தனித்துவிடுவார் என்பதால் இருவராவது இருக்கட்டும். அவர்கள் கருவியை நல்ல நாளொன்றில் ஒருமுறை அணிந்து பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும்படி செய்யாமல், சில வாரங்கள் வீட்டில் வைத்திருந்து, எழ மனமில்லாத நாட்களில் அது கைக்கு வந்ததா என்பதையும் சொல்வதற்கு அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
மனச்சோர்வுச் சிகிச்சையில் பணியாற்றும் ஓர் உளவியலாளர்